அடுப்பு அப்பத்தாவோடது, கூரை யாரோடது?

இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டில் நான் முதன்முதலாக வீட்டுக்கு வாங்கிப் போன பொருள் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒன்பது இன்ச். அப்பத்தாவின் அடுப்பங்கரைக்காக வாங்கியது. சுவரில் ஓட்டை போட்டு, சிமென்ட் பூசி, வயர் இழுத்து எல்லாம் நானேதான் மாட்டினேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் முடிச்சவனுக்கு ஒரு ஃபேன் மாட்டத் தெரியாதா என்ன?

மறுநாள் காலையில் அப்பத்தா விறகு பற்ற வைத்தது. நான் பெருமையாக ஸ்விட்சைப் போட்டேன். ரெண்டே நிமிஷம். அடுப்பு வாயிலிருந்து புகை அறைக்குள் குபுகுபுவென்று வந்தது. ஃபேன் ஒரு பக்கம் இழுக்குது, புகை இன்னொரு பக்கம் கொட்டுது. அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "இந்த மிசினு வந்ததுக்கு அப்புறந்தான்யா கண்ணு ரொம்ப எரியுது."

எனக்கு வெட்கமாப் போச்சு. ஃபேனைப் போட்டால் புகை குறையணும், கூடுகிறது. ஏன்னு அன்னைக்கு எனக்குத் தெரியல. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் கற்றதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. கூடவே ஒரு கோபமும் உண்டு. பாதிக் கோபம் நம்ம படிப்பு மேல, மீதி என் மேல.

முதலில் ஏன் இவ்வளவு அவசரமாக ஃபேன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம் அப்பத்தாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தோம். டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு அப்பத்தாவிடம் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி, பீடி குடிப்பீங்களா?" அப்பத்தா சிரித்துவிட்டது. அடுத்த கேள்வி, "வீட்டுல விறகு அடுப்பா?" அப்போ யாரும் சிரிக்கல.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வீட்டு அடுப்புப் புகையால் உண்டாகும் நோய்களில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணை நான் முன்பே எங்கேயோ படித்திருந்தேன். ஒரு பிரசன்டேஷன் ஸ்லைடில்கூடப் போட்டிருக்கிறேன். அந்த 32 லட்சத்துக்குள் வரக்கூடிய ஒரு ஆள் என் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்குன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்லை.

கேஸ் இருக்கே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச கேஸ் அடுப்புத் திட்டம் வந்தது. நாடு முழுக்க 2016-ல் உஜ்வலா வந்தது. நிறைய வீடுகளில் கேஸ் வந்தது உண்மை. ஆனால் விறகடுப்பு வெளியே போனதா? எங்கள் ஊரில் போகல. காபி, சாம்பார், அவசரத்துக்குத் தோசை எல்லாம் கேஸில். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்க, பொங்கல், காதுகுத்து, விருந்தாளி வந்தால் பெரிய பானைச் சோறு, எல்லாம் விறகில். சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வெட்டினால் போதும். சிலிண்டருக்குக் காசு வேணும். கணக்கு அவ்வளவுதான்.

நுரையீரலுக்கு கேஸ்தான் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "விறகடுப்புச் சமையல்னா அந்த ருசியே தனி" என்று ரீல்ஸ் போடுகிறவர்களோடு நான் சேரவில்லை. அந்த ருசியைச் சாப்பிடுகிறவன் ஒருத்தன், புகையைச் சாப்பிடுகிறவள் இன்னொருத்தி. ஆனால் விறகடுப்பு நாளைக்கே ஒழியப் போவதில்லை. எரிகிற வரைக்கும் அது சரியாக எரியணும். "கேஸ்தான் தீர்வு" என்று சொல்லிவிட்டுப் புகையைப் பற்றிப் பேசாமல் விடுவது, ரோடு போடுவார்கள் என்று காத்திருந்து அதுவரை செருப்பே போடாமல் நடப்பது மாதிரி.

நமக்குத் தெரிந்த ஃபார்முலாதான்

இப்போ ஃபேன் கதைக்கு வருவோம்.

தெர்மல் இன்ஜினியரிங்கில் பாய்லர் சிம்னி படித்திருப்போம். இயற்கை இழுப்பு, செயற்கை இழுப்பு. 353 என்ற எண்ணை சிம்னி உயரத்தால் பெருக்கி, வெளிக்காற்றின் வெப்பநிலை, புகையின் வெப்பநிலை எல்லாம் கெல்வினில் போட்டால் இழுப்பு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று வரும். 13 மார்க் கேள்வி. எல்லாரும் எழுதினோம், பாஸானோம். அந்த சிம்னி எப்பவுமே ஏதோ ஒரு அனல் மின் நிலையத்தில் இருக்கும். வீட்டில் இருக்கும் என்று நான் நினைத்ததே கிடையாது.

எங்கள் அடுப்பு எண்பதுகளின் கடைசியில் கட்டிய புகையில்லா அடுப்பு. முன்னால் ஒரு பெரிய அடுப்பு, பின்னால் ஒரு கொடியடுப்பு, அதற்கும் பின்னால் நாலு இன்ச் புகைக் குழாய், அடுப்பிலிருந்து குழாய் நுனி வரை சுமார் மூணு மீட்டர். அதே ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தேன். வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் சராசரி 150 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கிடைக்கிற இழுப்பு சுமார் 10 பாஸ்கல். அதாவது தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர். ஸ்ட்ராவில் ஒரு மில்லிமீட்டர் ஜூஸ் ஏறுகிற அளவு உறிஞ்சினால் எவ்வளவு இழுப்போ, அவ்வளவுதான்!

இந்த ஒரு எண்தான் முழுக் கதையும். வீட்டு அடுப்பின் புகைபோக்கி ரொம்ப ரொம்பப் பலவீனமான இன்ஜின். ஒரு ஈர்க்குச்சி குறுக்கே விழுந்தாலும் சண்டை போடத் தெம்பில்லாத இன்ஜின். அதை எது எதிர்த்தாலும் அது தோற்றுவிடும்.

என் ஃபேன் என்ன செய்தது? அது அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளியது. தள்ளின காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வரணும். ஆடி மாசம், தீ அலையுதுன்னு கதவைச் சாத்தியிருந்தோம். ஜன்னலில் சாக்கு தொங்கியது. பழைய ஓட்டுக் கூரையாக இருந்திருந்தால் ஓட்டு இடுக்கிலாவது காற்று வந்திருக்கும். நாலு வருஷம் முன்னால் அதை எடுத்துவிட்டுத் தளம் போட்டுவிட்டோம். ஆக, காற்று உள்ளே வர மிச்சமிருந்த பெரிய வழி ஒன்றே ஒன்று, புகைக் குழாய். மூடிய அறையில் ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனே சில பத்து பாஸ்கல் வரை இழுக்கும். புகைபோக்கியின் பலம் பத்து. யார் ஜெயிப்பார்கள்? மேலே போக வேண்டிய புகையை நான் காசு கொடுத்துக் கீழே இழுத்திருக்கிறேன்.

அப்பத்தா அஞ்சு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது

ஃபேனை அணைத்தேன். புகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஃபேன் வருவதற்கு முன்னாலும் புகை இருந்ததுதானே. அப்போதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. ஒரு மெஷின் ரிப்பேர் என்றால் அதை ஓட்டுகிறவரிடம்தானே முதலில் கேட்கணும்? அடுப்பை அம்பது வருஷமாக ஓட்டுகிற ஆளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அப்பத்தா, புகை எப்பெப்ப வருது?"

"எப்பயும்தான் வருது."

"எப்பயும் ஒரே மாதிரியா வருது?"

கொஞ்சம் யோசித்தது. அப்புறம் மழை மாதிரி கொட்டியது. "காலையில பத்த வைக்கிறப்ப அடுப்பு எதுத்து அடிக்கும், செத்த நேரத்துல அடங்கிரும். மேகாத்து அடிச்சா நாள் முழுக்க அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரவுக மாடி கட்டுனதுல இருந்துதான் அது. கொடியடுப்புல இருந்து சட்டிய எறக்குனா அதுவழியா குபுக்குனு வரும். ஐப்பசி கார்த்திகையில வெறகு ஈரம், அப்ப கேக்கவே வேணாம். தளம் போட்டதுக்கு அப்புறம் வந்த புகை போக மாட்டேங்குது. முன்னெல்லாம் ஓட்டு வழியாப் போயிரும்."

ஐந்து குறை. ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு காரணம். நாங்கள் எல்லாரும் அதை "புகை" என்ற ஒரே வார்த்தையில் போட்டு மூடி வைத்திருந்தோம். அப்பத்தா டயக்னோசிஸே முடித்து வைத்திருந்தது. ரிப்போர்ட்டை வாங்க ஆள் வரவில்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் இதில் ஏதாவது ஒன்று இருக்கும்.

பற்ற வைக்கும்போது மட்டும் புகை வந்தால், குழாய் குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். குழாய்க்குள் 40 டிகிரிதான் என்றால் இழுப்பு பத்தில் ஒரு பங்கு, சுமார் ஒரு பாஸ்கல். அந்த நேரத்தில் கட்டை விறகை வைத்தால் புகை போக வழியில்லாமல் முகத்துக்குத்தான் வரும். முதலில் காய்ந்த தென்னம்பாளை, பன்னாடை, சுள்ளி மாதிரி சட்டென்று கொழுந்துவிட்டு எரிகிற பொருளைக் கொஞ்சமாக வைத்து, குழாய் பக்கமாகத் தள்ளி எரிக்கணும். குழாய் சூடேறினதும் இழுக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் விறகு.

காற்றடிக்கும்போது மட்டும் புகை வந்தால், தப்பு குழாயின் நுனியில். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று, அதாவது நாம் சைக்கிள் மிதிக்கிற வேகம், ஏறக்குறைய 10 பாஸ்கல் அழுத்தத்தைக் கொடுக்கும். பெர்னூலியில் போட்டுப் பாருங்கள். அந்தக் காற்று பக்கத்து மாடிச் சுவரில் மோதிக் கீழே இறங்கிக் குழாய் வாயில் அடித்தால், புகைபோக்கியின் மொத்த பலமும் காலி. குழாய் நுனி பக்கத்தில் இருக்கிற சுவர், கூரை உச்சி, மரம் இதையெல்லாம் விட உயரமாக இருக்கணும். நுனிக்கு மேலே மூடி வேணும். அதே சமயம் மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் தாராளமாக இடைவெளி வேணும். மழைக்குப் பயந்து மூடியைக் குழாய் மேலேயே கவிழ்த்து வைத்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

கொடியடுப்பில் பாத்திரம் இல்லாதபோது புகை வந்தால், அது சிம்பிள். மூணு மீட்டர் ஏறிப் போக வேண்டிய புகைக்கு அரை அடியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வழியே வெளியே வரும், அல்லது அது வழியாகக் குளிர்ந்த காற்று குழாய்க்குள் போய் இழுப்பைக் குறைத்துவிடும். ஒரு பழைய இரும்புத் தட்டு போட்டு மூடினால் போதும். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே பெரிய சந்து இருந்தால் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசணும்.

ஈர விறகு தனிக் கதை. பச்சையாக வெட்டின விறகில் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோவில் அரைக் கிலோ தண்ணீர் என்று வைப்போம். அந்த அரைக் கிலோவை ஆவியாக்கி அனுப்ப ஆகிற வெப்பத்தில் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். வெப்பம் வீணாவதைக்கூட விடுங்கள். அந்த ஆவி தீயின் சூட்டைக் குறைத்துவிடுகிறது. விறகிலிருந்து கிளம்புகிற வாயுக்கள் எரிவதற்கு வேண்டிய சூடு கிடைக்காமல் எரியாமலேயே வெளியே வருகின்றன. நம்ம கண்ணை எரிக்கிற அந்த வெள்ளைப் புகை உண்மையில் எரியாத விறகு. காசும் அதுதான், நோயும் அதுதான். விறகைப் பிளந்து, தரையில் படாமல் கல் மேலே அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கத்தில் காற்று போகிற மாதிரி ரெண்டு மூணு மாசம் காய விடணும். ரெண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்கணும். மொத்தையாகச் சத்தம் வந்தால் இன்னும் ஈரம். எரியும்போது நுனியில் நுரை தள்ளி 'சீ' என்று சத்தம் வந்தாலும் அதேதான்.

புகை கறுப்பாக வந்தால் வேறு நோய். விறகு அதிகம், காற்று பத்தவில்லை. அடுப்பு வாய் முழுக்க விறகைத் திணித்தால் காற்று எங்கே நுழையும்? கீழே சாம்பல் மேடாகக் கிடந்தால் தீக்கு அடியிலிருந்து காற்றே வராது. சாம்பலை அள்ளிவிட்டு, நாலு கம்பியைக் குறுக்கே வைத்து அதன் மேல் விறகு வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மெல்லிசாகப் பிளந்த விறகு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளணும். இதை நான் அப்பத்தாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வாயில் விறகைத் திணிப்பது அவசரத்தில் இருக்கிற அம்மாவும், வெந்நீர் போடுகிற நானும்தான்.

இதில் எதிலும் சேராமல் எல்லா நேரமும், எல்லாக் காலத்திலும் புகை வந்தால்? அப்போ குழாயில் அடைப்பு. இதற்கு ஒரு ஊதுபத்தி போதும். அடுப்பு எரியாதபோது கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு கைப்பிடி காகிதத்தைக் குழாய் அடியில் எரித்துவிட்டு, ஊதுபத்தியை அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே வளைந்து போனால் குழாய் உயிரோடு இருக்கிறது. நேராக மேலே போனாலோ, நம் பக்கம் திரும்பினாலோ குழாய் அடைத்திருக்கிறது. எங்கள் வீட்டு ஊதுபத்தி என் பக்கம்தான் திரும்பியது.

கூரை மேல் ஏறினேன்

அதுவரை எல்லாம் கீழே நின்று செய்த வேலை. இப்போ மேலே ஏறணும். தளத்தில் ஏறி மூடியைக் கழற்றினால், உள்ளே அணில் கூடு. பழைய கூடுதான், காலியாகக் கிடந்தது. தேங்காய் நார், கிழிந்த துணி, பாலிதீன் எல்லாம் வைத்து ரொம்ப நேர்த்தியாகக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே குழாய்ச் சுவர் முழுக்க அரை இன்ச்சுக்குக் கரி, தார் மாதிரி இறுகிப் போய்.

நாலு இன்ச் குழாயில் சுற்றிலும் அரை இன்ச் கரி என்றால் மிச்சம் மூணு இன்ச். பரப்பளவு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஆனால் உண்மையான அடி அதில் இல்லை. அதே அளவு புகையை அந்தச் சின்ன ஓட்டையில் தள்ள முன்பைவிட மூணு, நாலு மடங்கு அழுத்தம் வேணும். நம்மிடம் இருப்பதே பத்து பாஸ்கல். இதில் அணில் வேறு.

ஒரு கயிற்றின் நடுவில் சாக்கை உருண்டையாகக் கட்டி, ஒரு முனையில் கல் கட்டிக் கீழே இறக்கி, மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் நின்று மாறி மாறி இழுத்தோம். அரை வாளிக் கரி. ஒரு எச்சரிக்கை: பழைய புகைக் குழாய்கள் பல ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அதை இரும்பால் சுரண்டக் கூடாது, அறுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் புகையைவிடக் கெடுதல். குழாயை ஈரமாக்கிக்கொண்டு, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, சாக்கால் மட்டும் இழுக்கணும். விரிசல் விட்டிருந்தால் தெரிந்த ஆளை வைத்து மாற்றிவிடுவதே மேல்.

அதோடு பக்கத்து மாடியைத் தாண்டுகிற மாதிரி தகரக் குழாயில் மூணு அடி உயர்த்தி, இடைவெளி விட்டு மூடி போட்டோம். அணில் நுழையாமல் சுற்றிலும் பெரிய கண் உள்ள கம்பி வலை. தகரம், வெல்டிங், எல்லாம் சேர்த்து நான் ஃபேனுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

மறுநாள் அப்பத்தா அடுப்புப் பற்ற வைத்தது. தீ குழாய்ப் பக்கமாகச் சாய்ந்து 'ஹோ'வென்று இழுத்தது. அப்பத்தா ஊதுகுழலைக் கையில் எடுத்துவிட்டு, ஊத வேலையில்லாமல் மறுபடி கீழே வைத்தது. எனக்கு அந்த ஒரு நொடி போதும். யோசித்துப் பாருங்கள், ஊதுகுழல் என்பது செயற்கை இழுப்பு. நம்ம சிலபஸில் அதற்கு மோட்டாரும் பிளோயரும் உண்டு. நம்ம வீட்டில் அந்த பிளோயர் ஒரு மனுஷி. ஒவ்வொரு தடவை ஊதிவிட்டும் அவள் அடுத்த மூச்சை அந்தப் புகையிலிருந்துதான் இழுக்கிறாள்.

கோபம் இங்கேதான்

இந்த அடைப்பு ஒரு நாளில் வந்ததில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்தது. அப்பத்தாவுக்குத் தெரியும், குழாயில் ஏதோ அடைப்பு என்று. ஏன் யாரும் சுத்தம் செய்யவில்லை? அப்பத்தா சொன்னது: "நான் எப்பிடிய்யா கூரை மேல ஏற? உங்க தாத்தா இருந்தவரைக்கும் வருசத்துக்கு ரெண்டு தடவ ஏறுவாரு."

தாத்தா போய் எட்டு வருஷம். எட்டு வருஷமாக அந்தக் கூரை மேல் யாரும் ஏறவில்லை. டிஷ் ஆன்டெனா திருப்ப ஏறினோம். ஐபிஎல் நேரத்தில் சிக்னல் போனால் நானே அஞ்சு தடவை ஏறியிருக்கிறேன். அந்தக் குழாயைத் தாண்டித்தான் ஆன்டெனாவுக்குப் போயிருக்கிறேன்.

புகையில்லா அடுப்பின் பிரச்சினையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுப்பு கீழே, அது பெண்கள் வேலை. குழாய் நுனி மேலே, அது ஆண்கள் வேலை. புகை வருவது கீழே இருப்பவருக்கு. அதை நிறுத்த முடிவது மேலே ஏறக்கூடியவனுக்கு. அவனுக்குக் கண் எரிவதில்லை, அதனால் அவன் ஏறுவதில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1950-களிலேயே ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற இன்ஜினியர் குழாய் வைத்த புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். எண்பதுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ரா அடுப்பு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை ஆரம்பித்து, 2002-ல் அதைக் கைவிடுவதற்குள் மூணு கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் ரெண்டு பொருளாதார அறிஞர்களும் ஒடிசாவில் குழாய் வைத்த அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்கப்புறம் அந்தப் பலன் காணாமல் போய்விட்டது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, நாளாக ஆகக் கைவிட்டுவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடிப்பது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுத்தம் செய்ய வேண்டிய இடத்தை, பயன்படுத்துகிறவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அது டிசைன் கோளாறு. குழாயின் அடியில், அப்பத்தா கைக்கு எட்டுகிற உயரத்தில், கரி தட்டுகிற மாதிரி மூடியோடு ஒரு சின்ன வாசல் வைத்தால் பாதி வேலை தரையிலேயே முடியும். மூடி சந்தில்லாமல் இறுக்கமாக இருக்கணும், அவ்வளவுதான். இப்போ எங்கள் வீட்டில் அப்படி வைத்திருக்கிறோம். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை, வெல்டர் அண்ணன் பதினஞ்சு நிமிஷத்தில் செய்து கொடுத்தது.

இப்போ நம்ம காலேஜுக்கு வருவோம். ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்டை எடுத்துப் பாருங்கள். "ஸ்மார்ட் கிச்சன்" என்ற பெயரில் எத்தனை புராஜெக்ட். ஒரு ஆர்டுயினோ, ஒரு எம்க்யூ-2 சென்சார், புகை வந்தால் போனுக்கு மெசேஜ். மச்சி, புகை வந்தது அப்பத்தாவுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு சென்சார் வேணாம், கண் இருக்கு. தெரிய வேண்டியது ஏன் வருகிறது என்பதுதான். அதற்கு வேண்டியது ஒரு ஊதுபத்தி, ஒரு ஏணி, நாலு கேள்வி. ஆனால் ஊதுபத்தியை வைத்து ரெவ்யூவில் நின்றால் மார்க் வராது. ஃபேன் வாங்கிப் போன நானும் இதே ஆள்தான். பிரச்சினையைப் பார்த்ததும் ஏதாவது ஒன்றை மாட்டணும் என்றுதான் என் கை போனது. ஏற்கெனவே இருக்கிறது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். குழாய் நன்றாக இழுத்தாலும் புகை ஒழிந்துவிடாது. வெளியே போகிறது, அவ்வளவுதான். தெருவில் எல்லா வீட்டுக் குழாயும் விட்டால் அது தெருப் புகை. அதனால்தான் காய்ந்த விறகும் காற்றோட்டமும் முக்கியம், புகை உண்டாவதே குறையணும். எவ்வளவு நன்றாக இழுத்தாலும் ஜன்னலை அடைக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அதே அறையில்தான் இருக்கும். மூச்சுப் பிரச்சினை உள்ளவரை முடிந்தவரை விறகடுப்புப் பக்கம் விடாமல் இருப்பதே நல்லது. எங்கள் வீட்டில் வெந்நீரும் மாட்டுக் கஞ்சியும் இப்போ அப்பா பொறுப்பு. அப்பாவுக்கு இப்போதான் தெரிகிறது, ஈர விறகு என்றால் என்ன என்று.

அப்பத்தாவின் இருமல் போகவில்லை. போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. அம்பது வருஷப் புகையை ஒரு சாக்கும் கயிறும் வைத்து உள்ளேயிருந்து இழுத்துவிட முடியாது. எட்டு வருஷம் முன்னால் நான் ஏறியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்ற கேள்விக்கு எந்த ஃபார்முலாவும் இல்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போவீர்கள். பொங்கப் பானை விறகில்தான் ஏறும். போனதும் அடுப்பங்கரையில் அஞ்சு நிமிஷம் உட்காருங்கள். புகை எப்பெப்ப வருதுன்னு கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் அடுப்பு அணைந்து குழாய் ஆறினதும், ஏணியைப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, கூரை மேல் ஏறுங்கள்.

அந்த ஃபேன் இப்போ என் ஹாஸ்டல் ரூமில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேணும்னா யாராவது எடுத்துக்கோங்க. ஆனா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போடுங்கள்.